ஏழெழுபது தரம் சரி, சீட்டுப் பணம்? மத்தேயு 18 படிப்புக்கு விளக்கம் வேண்டும்

ரங்கூன்வாசி

ஸ்தோத்திரம். வீட்டு ஜெபக்கூட்டத்தில் மத்தேயு 18:21-35 படிக்கப் போகிறோம். எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்க, ஏழெழுபது தரம் என்று இயேசு சொல்லி, ஓர் உவமையும் சொல்லும் இடம்: ராஜா பதினாயிரம் தாலந்து கடனை மன்னித்துவிட்ட ஊழியக்காரன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய சக வேலைக்காரனைச் சிறையில் போடுகிறான். பாடம் நடத்துகிறவர்களுக்கு எங்கே இடிக்கிறது என்பதை ஓர் உதாரணத்தோடு வைக்கிறேன்.

சபைக்குள் ஒருவர் சீட்டுப் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரைத் தவிர 12 பேர், ஆளுக்கு மாதம் 1 லட்சம் கியாட் (பர்மா நாணயம்), ஏலம் இல்லாத குலுக்கல் சீட்டு. ஆறு மாதம் ஒழுங்காகப் போகிறது. ஏழாம் மாத வசூல் 12 லட்சத்தையும் வாங்கிச் செலவழித்துவிட்டார். சீட்டு நின்றுபோனது. பர்மாவில் பெரியவர்களை வணங்கும் தடிஞ்சுட் பௌர்ணமிக்கு அந்த மனிதர் பழத்தட்டும் லுங்கியுமாகப் பெரியவர்கள் முன் மண்டியிட்டு, இங்கே எல்லோரும் செய்கிற மாதிரி கடோ (குனிந்து வணங்கிப் பிழை பொறுக்கக் கேட்பது) செய்து, "தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழையெல்லாம் பொறுத்துக்கொள்ளணும்" என்கிறார். பெரியவர்களும் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறார்கள்.

அத்தோடு முடிந்ததா? "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்று ஞாயிறுதோறும் சொல்கிறோமே, அந்தக் கடனில் இந்தப் பணமும் சேர்த்தியா?

பெகு_பிரதர்

இதில் என்ன சந்தேகம் பிரதர்? ராஜா பதினாயிரம் தாலந்தையே விட்டுவிட்டார். மன்னிப்புக் கேட்டு வந்தவனிடம் நோட்டுப் புத்தகத்தை நீட்டினால் நாம்தான் அந்தப் பொல்லாத ஊழியக்காரன். அன்பு "தீங்கு நினையாது" என்று 1 கொரிந்தியர் 13:5 சொல்கிறது. கணக்குப் பார்க்கிறவனுக்கு மன்னிக்கத் தெரியாது.

கணக்கன்

பெகு பிரதர், அந்த உவமை எப்படி ஆரம்பிக்கிறது என்று 23-ஆம் வசனத்தைப் பாருங்கள்: "கணக்குப் பார்க்கவேண்டுமென்றிருந்த ஒரு ராஜா." கணக்கைப் பார்த்த பிறகுதான் அவர் விட்டார். எவ்வளவு என்று தெரியாமல் விடுவது மன்னிப்பில் சேராது, அது கண்ணை மூடிக்கொள்வது.

நீங்கள் காட்டிய "தீங்கு நினையாது" என்பதிலும் கிரேக்கத்தில் வருவது கணக்கில் எழுதுகிற சொல்தான். பழிவாங்க ஏடு வைத்துக்கொள்ளாதே என்று பொருள். நடந்ததையே எழுதிப் பார்க்காதே என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது.

சரி, ரங்கூன்வாசி சொன்ன சீட்டையே எடுப்போம். இதில் ஒரு விஷயம் எப்போதும் தவறிப்போகிறது. ஏழு மாத வசூல் 84 லட்சம். ஆறு பேர் ஆளுக்கு 12 லட்சம் எடுத்துவிட்டார்கள், அது 72. மிச்சம் 12 லட்சம் சீட்டுக்காரர் கையில். எடுக்காத ஆறு பேர் ஆளுக்கு 7 லட்சம் கட்டியிருக்கிறார்கள், ஆகமொத்த நஷ்டம் 42. ஊர் முழுக்க "42 லட்சத்தை முழுங்கிட்டான்" என்று பேசும். ஆனால் எடுத்தவர்கள் ஆறு பேரும் 12 வாங்கி 7 தானே கட்டியிருக்கிறார்கள்? ஆளுக்கு 5, ஆக 30 லட்சம் அவர்களிடம் இருக்கிறது. 30-உம் 12-உம் 42.

ஆக, "சீட்டு நின்றுபோச்சு, நான் ஏன் கட்டணும்" என்று கையை மடக்கி முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆறு பேரும் கடனாளிகளே. மன்னிப்புக் கேட்க மண்டியிட்டவர் மட்டும்தான் நம் கண்ணில் படுகிறார்.

பெகு_பிரதர்

அந்த முப்பதை நான் யோசிக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மன்னிப்பு வேறு வசூல் வேறு என்றால், கர்த்தருடைய ஜெபத்தில் ஏன் "கடன்" என்று இருக்கிறது?

மூலமொழிப்பித்தன்

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இயேசு பேசிய அரமேய மொழியில் "ஹோபா" என்ற ஒரே சொல் கடனுக்கும் பாவத்துக்கும் பொது. அதனால்தான் மத்தேயு 6:12-ல் கடன், கடனாளி என்று இருக்கிறது. லூக்கா 11:4-ல் பாருங்கள்: கடவுளிடம் கேட்கும்போது "எங்கள் பாவங்களை", மனிதருக்கு மன்னிக்கும்போது "எங்களிடத்தில் கடன்பட்ட எவனுக்கும்". ஒரே வரியில் இரண்டும். கத்தோலிக்கர் சொல்லும் தமிழ் ஜெபத்தில் "குற்றம் செய்வோரை", "குற்றங்களை" என்று இருக்கிறது. நம் பழைய பைபிளில் "கடன்". கல்யாண வீட்டில் இரண்டு சபையாரும் சேர்ந்து ஜெபம் சொன்னால் அந்த இடத்தில் மட்டும் ஒரு முணுமுணுப்பு வரும், கவனித்திருப்பீர்கள்.

மன்னிக்கிறதுக்குக் கிரேக்கச் சொல் "அபியேமி": விடு, போகவிடு. பர்மிய பைபிளிலும் அதே வாசனைதான். "அப்யிட் ஹ்லுட்" என்றால் குற்றத்தை விட்டுவிடுதல். கட்டின கன்றுக்குட்டியை அவிழ்த்துவிடுவதற்கும் "ஹ்லுட்"தான். அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1834-ல் மொழிபெயர்த்து முடித்த அந்தப் பர்மிய வேதாகமம் இந்த ஒரு சொல்லில் நம் தமிழ் "மன்னி"யைவிட மூலத்துக்குக் கிட்டே நிற்கிறது என்பது என் எண்ணம்.

தொகைக்கு வருகிறேன். தாலந்து ஒன்றுக்கு 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. பதினாயிரம் தாலந்து என்றால் 6 கோடி நாள் கூலி, ஒரு நாள்கூட ஓய்வில்லாமல் உழைத்தாலும் 1,64,000 ஆண்டுக்கு மேல். இயேசுவின் காலத்தில் ஆண்ட அந்திப்பா ஏரோதுவுக்கு கலிலேயாவும் பெரேயாவும் சேர்த்து ஆண்டு வருமானம் 200 தாலந்து என்று அந்த நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் எழுதுகிறார். அப்படிப் பார்த்தால் இது அந்த ராஜ்யத்தின் 50 வருஷ வரி. அடைக்கவே முடியாத தொகையை வேண்டுமென்றே சொல்கிறார் இயேசு.

சக வேலைக்காரனின் கடன் நூறு வெள்ளிப்பணம். நூறு நாள் கூலி. கஷ்டம்தான், ஆனால் அடைக்கலாம். இருவரும் கெஞ்சுவது ஏறக்குறைய ஒரே வாக்கியம்: பொறுத்துக்கொள்ளும், கொடுத்துத் தீர்க்கிறேன். முதலாமவன் வாயில் அது வெறும் பேச்சு. இரண்டாமவன் வாயில் நடக்கக்கூடிய தவணை. அவன் தள்ளுபடிகூடக் கேட்கவில்லை, தவணைதான் கேட்டான். அதற்கே தொண்டையை நெரித்துச் சிறையில் போட்டான் என்பதுதான் அந்த ஊழியக்காரன்மேல் குற்றச்சாட்டு.

வாலிபர்சங்கம்

அண்ணே, அப்போ தவணை கொடுத்தாலே மன்னிச்ச மாதிரி ஆயிடுமா? 33-ஆம் வசனம் "நான் உனக்கு இரங்கினதுபோல" என்கிறதே. ராஜா இரங்கினது முழுத் தள்ளுபடியாச்சே?

மூலமொழிப்பித்தன்

இல்லை தம்பி, ஆகாது. இரக்கத்தின் முதல் படி தவணை, அதையே அவன் செய்யவில்லை. முழுசாக விடவும் அந்த வசனம் நம்மை இழுக்கிறது என்பது உண்மை. ஆனால் விடுகிற உரிமை யாருக்கு? கடன் கொடுத்தவனுக்கு மட்டும். எடுக்காத ஆறு பேரில் ஒரு விதவை தன் 7 லட்சத்தை விட்டுவிடலாம். மற்ற ஐந்து பேருடையதை அவர் விட முடியாது. சபை மூப்பர்களும் விட முடியாது. கடோ வாங்கிக்கொண்டு ஆசீர்வதித்த பெரியவர்கள் பெரும்பாலும் அந்தச் சீட்டில் ஒரு கியாட்கூடக் கட்டாதவர்களாக இருப்பார்கள்!

அந்தோணியார்_தெரு

கத்தோலிக்கத் தரப்பிலிருந்து ஒரு வார்த்தை. எங்கள் ஒப்புரவு அருட்சாதனத்தில் (பழைய ஆட்கள் பாவசங்கீர்த்தனம் என்பார்கள்) பாவம் செய்தவர் பக்கம் மூன்று உண்டு: மனஸ்தாபம், அறிக்கை, பரிகாரம். குருவின் பாவமன்னிப்பு பாவத்தைத் தீர்க்கிறது, பாவம் உண்டாக்கின சேதத்தைத் தீர்ப்பதில்லை. திருடினதைத் திருப்பிக் கொடு, கெடுத்த பெயரைச் சரிசெய் என்று மறைக்கல்வி ஏட்டின் 1459-ஆம் எண் சொல்கிறது. "மூன்று அருள்நிறை மரியே சொல்லிட்டேன், முடிஞ்சது" என்று பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு போக வழியே இல்லை. திருப்பித் தரும் எண்ணம் இல்லாவிட்டால் மனஸ்தாபமே பொய்.

பிப்ரவரியில் ஞாங்லேபின் லூர்து மாதா திருவிழாவுக்கு முன்பு பாவசங்கீர்த்தன வரிசை நீளமாக நிற்கும். திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க அந்த நாளை ஒரு கெடுவாக வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

கேட்ட குரு அதை வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது, இழந்தவர்களிடமும்தான். ஆகவே "ஃபாதருக்குத் தெரியும், அவர் சொல்லி வாங்கித் தருவார்" என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

வாலிபர்சங்கம்

கடோ பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் வயதுக்காரர்கள் பள்ளியிலும் வேலையிலும் வருஷா வருஷம் செய்கிறோம். கிறிஸ்தவன் செய்யலாமா என்பது தனிச்சண்டை, அதை விடுங்கள். அது மன்னிப்புக் கேட்டதாகுமா?

மோல்மேன்காரி

மரியாதை செலுத்தும் வழக்கமாகப் பார்த்தால் எனக்கு அதில் குறை தெரியவில்லை. மூன்று முறை குனிவது புத்தர், தம்மம், சங்கம் என்ற மூன்றையும் நினைத்து என்பதால் நம் ஆட்கள் ஒருமுறை குனிந்து நிறுத்திக்கொள்வது நல்லது.

ஆனால் அதில் உள்ள மன்னிப்பு பொதுவான மன்னிப்பு. "காயகன், வசீகன், மனோகன்", அதாவது உடலால், வாக்கால், மனசால் செய்த பிழை எல்லாம் பொறுத்தருள வேண்டும் என்பார்கள். நம்ம மனம், வாக்கு, காயம்தான், பாலி வழியாக வந்திருக்கிறது. ஒரு வருஷத்தில் அப்பா அம்மாவிடம் காட்டின சிடுசிடுப்புக்கு இது பொருத்தம். எதையென்று தனித்தனியாகச் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். 12 லட்சத்துக்குப் பொருந்தாது. அங்கே "எல்லாப் பிழையும்" என்ற சொல்லே ஒளிந்துகொள்ளும் இடம். எந்த மாதம், எவ்வளவு, யாருடையது, எதற்குச் செலவானது: நான்கும் வாயில் வந்தால்தான் அறிக்கை. "தெரிந்தோ தெரியாமலோ" என்பதில் "தெரியாமலோ"வை வெட்டிவிட வேண்டும். வசூல் பணத்தைத் தெரியாமல் யாரும் செலவழிப்பதில்லை. "உங்க மனசு புண்பட்டிருந்தா" என்பதும் அதே ஜாதி.

எதிர்ப்பக்கமும் ஒரு தப்பு நடக்கும். வயதில் சின்னவர் மண்டியிட்டுவிட்டால் பெரியவர் "இல்லை, இன்னும் கணக்கு இருக்கிறது" என்று சொல்ல நம் பண்பாட்டில் வாய் வராது. பத்துப் பேர் முன்னால் கடோ வந்தால் அது வேண்டுகோளாக இருக்காது, நெருக்கடியாகிவிடும். அதனால் மத்தேயு 18:15-ஐ முதலில் பிடியுங்கள்: நீயும் அவனும் தனித்திருக்கையில். பழத்தட்டு பிறகு வரட்டும்.

பெகு_பிரதர்

அக்கா, தனியாகப் போகவேண்டியது யார்? 18:15-ல் குற்றம் செய்யப்பட்டவன். அவனே இழந்து, அவனே படியேற வேண்டுமா?

மோல்மேன்காரி

18:15-ல் இழந்தவன் போகிறான். மத்தேயு 5:23-24-ல் குற்றம் செய்தவன் காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டுப் போகிறான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் புறப்பட்டால் நடுவழியில் சந்தித்துக்கொள்வார்கள். "அவர் வரட்டும்" என்று காத்திருக்க இரண்டு பேருக்குமே வசனம் கிடையாது.

கணக்கன்

நடைமுறையை எழுதுகிறேன். முதல் சந்திப்பு இரண்டே பேர், வீட்டில் வேண்டாம், சபைக்குப் பின்னால் ஒரு டீக்கடை போதும். முடியாவிட்டால் 18:16-ன்படி ஒன்றிரண்டு பேர். அந்த இரண்டு பேரும் சீட்டில் சேராதவர்களாக இருக்கட்டும். சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போனால் அன்றே பங்காளிச் சண்டையாகிவிடும்.

பிறகு ஒரு தாளில் எழுதுங்கள். சீட்டு எடுத்த ஆறு பேரும் சீட்டு நடப்பதாகவே நினைத்து இன்னும் ஐந்து மாதம் 1 லட்சம் கட்டினால் 30 லட்சம் வரும். எடுக்காத ஆறு பேருக்கு ஆளுக்கு 5 லட்சம் கிடைத்துவிடும். அவர்களுக்கு மிச்சம் ஆளுக்கு 2 லட்சம், அது சீட்டுக்காரர் பொறுப்பு. லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. 12 லட்சத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம், ஆக 14 லட்சத்து 40 ஆயிரம். 24 மாதத் தவணை என்றால் மாதம் 60,000. ஆளுக்கு மாதம் 10,000. சம்பளக்காரர் ஒருவருக்குக் கஷ்டமானாலும் முடியாதது இல்லை. மூலமொழிப்பித்தன் ஐயா சொன்ன நூறு வெள்ளிப்பணம் இதுதான்.

அந்த ஐந்தில் ஒரு பங்கை வட்டி என்று நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். கியாட்டின் மதிப்பு இப்படி இறங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் இரண்டு வருஷம் கழித்து அதே 2 லட்சத்தைக் கொடுத்தால் அரிசி மூட்டைக் கணக்கில் பாதியும் தேறாமல் போகலாம்.

அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாக (நாலு மடங்காக)த் திருப்பித் தருகிறேன் என்ற வரிவசூல்காரன் சகேயுவைக் (லூக்கா 19) காட்டி, நாலத்தனை கேட்கிறவர்களும் உண்டு. யாத்திராகமம் 22-ல் நாலு மடங்கு என்பது திருடின ஆட்டை விற்றவனுக்கோ அடித்தவனுக்கோ. உயிரோடு கையில் அகப்பட்டால் இரண்டு மடங்கு. தானாக வந்து ஒத்துக்கொண்டவனுக்கு ஐந்தில் ஒரு பங்கு. சகேயு தானாக வந்தும் பெரிய தண்டனையைத் தனக்கே போட்டுக்கொண்டான். அது அவன் இஷ்டம். அடுத்தவன்மேல் நாம் சுமத்த அதில் இடமில்லை.

எங்கே கெட்டுப்போகும் என்றும் சொல்கிறேன். மூன்றாவது தவணை. முதல் இரண்டும் உருக்கத்தில் வந்துவிடும். மூன்றாவது மாதம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு வரும், சொல்லாமல் விடுவார், வெட்கத்தில் ஆராதனைக்கும் வரமாட்டார். அதனால் பணம் முடியாத மாதத்தில் ஆள் வந்து சொல்ல வேண்டும் என்று தாளிலேயே எழுதிவிடுங்கள். பணம் தவறுவதால் முறிவதைவிட ஆள் மறைவதால்தான் அதிகம் முறிகிறது.

பெகு_பிரதர்

1 கொரிந்தியர் 6:7: "ஏன் நஷ்டத்தைச் சகித்துக்கொள்ளுகிறதில்லை?" இதை எங்கே வைப்பீர்கள்?

கணக்கன்

பவுல் அங்கே நஷ்டப்பட்டவனிடம் பேசுகிறார். அடுத்த வசனத்தில் நஷ்டப்படுத்தினவனையும் விடவில்லை, நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள் என்கிறார். ஏழை மட்டும் ஏழாம் வசனத்தை வாசிக்க, பணம் வைத்திருப்பவன் எட்டாம் வசனத்தைத் தாண்டிப் போவது நம் சபைகளில் ரொம்ப நாள் வியாதி.

மூலமொழிப்பித்தன்

இந்த நாட்டில் தமிழன் வாயிலிருந்து "கடன்" என்று வந்தாலே ஒரு நிழல் கூட வரும், அதையும் பாடத்தில் சேர்க்கலாம். 1930-ல் நெல் விலை விழுந்தபோது கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்து வட்டிக்குக் கொடுத்த செட்டியார்களிடம் இருந்த நிலம் 6 சதவீதம். 1938-ல் 25 சதவீதம். அவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டு வந்தவர்களில்லை. கடன் திரும்பாததால் அடமானம் கைக்கு வந்தது. சுதந்திரத்துக்குப்பின் நிலம் தேசியமயமானபோது கொடுத்தவர்களும் இழந்தார்கள். பர்மிய விசுவாசிகளோடு சேர்ந்து இந்த உவமையைப் படித்தால் "தொண்டையை நெரித்து" என்ற இடத்தில் அவர்கள் மனசில் யார் முகம் வரும் என்று யோசித்துக்கொண்டு பேசுங்கள்.

மோல்மேன்காரி

கடனிலிருந்து மீட்கப்பட்டவர் கதையும் இங்கேயே இருக்கிறது. கோ தா பியூ. பர்மாவின் கரேன் இன மக்களில் முதல் பாப்டிஸ்ட் விசுவாசி. கொள்ளைக்காரர், சுமார் முப்பது கொலைகளில் பங்கிருந்ததாக அவரே ஒத்துக்கொண்டவர். கடனுக்காக அடிமையானார். கோ ஷ்வே பே என்ற பர்மியக் கிறிஸ்தவர் அந்தக் கடனைக் கட்டினார், பிறகு ஜட்சன் அவரைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மீட்பு என்ற சொல்லுக்கு இதைவிட நேரான உதாரணம் தேட வேண்டாம்: யாரோ ஒருவர் நிஜமான பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

ஆனால் உடனே ஞானஸ்நானம் கொடுத்துவிடவில்லை. முன்கோபம் அவரை விடவில்லை, காத்திருக்க வைத்தார்கள். 1828 மே 16-ல் தவாயில் மிஷனரி போர்ட்மேன் ஞானஸ்நானம் கொடுத்தார். 1840-ல் சாகும்வரை கரேன் ஊர்களெல்லாம் சுற்றிச் சுவிசேஷம் சொன்னார். கடன் ஒரு நாளில் தீர்ந்தது, குணம் திருந்த வருஷங்கள் ஆனது. சீட்டுக்காரரை மன்னித்த கையோடு சபைப் பொருளாளராக்கலாமா என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். மன்னிப்பு அன்றைக்கே, சாவி அப்புறம். பணம் தொடாத வேலை எவ்வளவோ இருக்கிறது, பாய் விரிக்கலாம், பாட்டுப் புத்தகம் அடுக்கலாம். ஒரேயடியாய் ஒதுக்கியும் வைக்காதீர்கள், 2 கொரிந்தியர் 2:7-ல் அப்படிப்பட்டவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு என்று பவுல் எச்சரிக்கிறார்.

அடிதடி இருக்கிற வீடுகளுக்கு இந்த "தனித்திருக்கையில்" முறை பொருந்தாது. மன்னித்தேன் என்று அந்த வீட்டுக்குள் திரும்பிப் போகவேண்டிய கட்டாயம் எந்த வசனத்திலும் இல்லை. அது வேறு இழையில் பேசவேண்டியது.

ரங்கூன்வாசி

எல்லாருக்கும் நன்றி. இரண்டு கேள்வி மிச்சம். சீட்டுக்காரர் எல்லை தாண்டி தாய்லாந்து பக்கம் போய்விட்டார், மன்னிப்பே கேட்கவில்லை என்றால்? லூக்கா 17:3 "மனஸ்தாபப்பட்டால்" என்கிறதே, மனஸ்தாபப்படாதவனை?

மூலமொழிப்பித்தன்

மாற்கு 11:25-ஐப் பக்கத்தில் வையுங்கள். நின்று ஜெபம்பண்ணும்போது மன்னியுங்கள் என்று இருக்கிறது. அங்கே எதிராளியே இல்லை, நிபந்தனையும் இல்லை. பழியை நெஞ்சிலிருந்து இறக்குவது அது. நீங்கள் ஒருவரே செய்யலாம், செய்ய வேண்டும், அதே ஆளுக்காக நாளைக்கும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். ஏழெழுபது தரம் என்பது பல தப்புக்கு மட்டுமில்லை, ஒரே தப்பு எழுபது தரம் நினைவுக்கு வருவதற்கும் சேர்த்துத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. லூக்கா 17:3 உறவு திரும்புவதைப் பற்றியது. அதற்கு இரண்டு பேர் வேண்டும், முதலில் கடிந்துகொள்ளவும் வேண்டும்.

அடுத்த இரண்டு வசனத்தையும் விட்டுவிடாதீர்கள். ஒரே நாளில் ஏழுதரம் என்று கேட்டதும் அப்போஸ்தலர் சொன்னது "எங்கள் விசுவாசத்தை வர்த்திக்கப்பண்ணவேண்டும்" என்பது. புயலை அடக்கினபோதுகூட அப்படிக் கேட்கவில்லை, இதற்குக் கேட்டார்கள்.

ரங்கூன்வாசி

இரண்டாவது, அந்தத் தாளை எந்த மொழியில் எழுதுவது? இளையவர்களுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது.

கணக்கன்

இரண்டிலும் எழுதுங்கள், தொகையை எண்ணாலும் எழுத்தாலும். பர்மிய எண் ஒரு பிரதியிலும் 1, 2, 3 இன்னொன்றிலும் இருந்தால் கையெழுத்துக்கு முன் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் மறு பிரதியில் விரல் வைத்துப் பார்க்கட்டும். பிரதி எட்டு: இழந்த ஆறு பேருக்கு ஆறு, சீட்டுக்காரருக்கு ஒன்று, சாட்சிகளுக்கு ஒன்று. சீட்டு எடுத்த ஆறு பேருக்குத் தனித்தாள், அதில் ஐந்து மாதத்துக்கும் தேதி போட்ட கட்டம். யாராவது தன் பங்கை விட்டுவிட்டால் அந்தக் கட்டத்தில் குறுக்குக் கோடு போட்டு, விட்டவரே பக்கத்தில் கையெழுத்திடட்டும்.